குருத்தணு மாற்றுச் சிகிச்சையும் வாய் நலமும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மறுநடவு என்றால் என்னவென்று நாம் விளக்க வேண்டியதில்லை. பால் வற்றிய கிழ மரங்களைச் சாய்ப்பார்கள். தூரோடு அகற்றி நிலத்தைச் சுத்தம் செய்வார்கள். பிறகுதான் இளங்கன்றுகளை நடுவார்கள். நெகிரி செம்பிலானில் பகாவ், ரொம்பின், தம்பின், லிங்கி வட்டாரங்களில் ரப்பர் நின்ற எத்தனையோ மேடுகளில் செம்பனை எழுந்து நிற்பதும் இப்படி வந்ததுதான். குருத்தணு மாற்றுச் சிகிச்சையும் ஏறக்குறைய ஒரு மறுநடவே. நம் எலும்புகளின் உள்ளே இருக்கும் மஜ்ஜைதான் இரத்த அணுக்களுக்கு நாற்றங்கால். அந்த மஜ்ஜை புற்றுநோயால் கெட்டுப்போகும்போது, அல்லது அணுக்களை உண்டாக்கும் சக்தியை இழக்கும்போது, கடுமையான மருந்துகளால் அதை முதலில் அழிக்கிறார்கள். சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுப்பதுண்டு. நிலம் வெறுமையானபின் நல்ல குருத்தணுக்களை, இரத்தம் ஏற்றுவது போலவே, நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அவை தாமே வழி கண்டு மஜ்ஜைக்குள் போய்க் குடியேறுகின்றன.

இந்த மருத்துவத்துக்கு வழி வகுத்த அமெரிக்க மருத்துவர் டானல் தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இந்தியாவில் 1983-ல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இது தொடங்கியது. மலேசியாவில் 1987-ல் கோலாலம்பூர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில், குழந்தைகள் பிரிவில் முதன்முதலாகச் செய்தார்கள். இன்று அம்பாங் மருத்துவமனை இதற்குப் பெயர்பெற்ற அரசாங்க மருத்துவமனையாக இருக்கிறது. ஆகவே சிரம்பானிலோ பகாவிலோ இருக்கும் நம் குடும்பங்களில் ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டால், ‘அது பணக்காரர் வைத்தியம்’ என்று கைகழுவிவிட வேண்டியதில்லை.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்குக் காய்ச்சல், இரத்த எண்ணிக்கை, மாத்திரை ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் நினைவூட்டுவார்கள். வாயைப் பற்றி மட்டும் பேச்சு குறைவு. வாயில் ஏற்படும் தொல்லைகளோ சாப்பாட்டைக் கெடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், சில சமயம் உயிருக்கே உலை வைக்கும். அதனால் இன்றைய உரை முழுவதும் வாயைப் பற்றியது.

முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். குருத்தணு இரண்டு வகையில் கிடைக்கிறது. நோயாளியின் சொந்த அணுக்களையே முன்கூட்டி எடுத்து உறைய வைத்துத் திருப்பித் தருவது ஒரு வகை. மையலோமா, லிம்ஃபோமா போன்ற நோய்களில் இது வழக்கம். பிறரிடமிருந்து பெறுவது மற்றொரு வகை. பெரும்பாலும் அண்ணன், தம்பி, அக்காள், தங்கைதான் கொடையாளி. கூடப் பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். சில வாய்த்தொல்லைகள் இரு வகையிலும் வரும். நீண்ட நாள் தொல்லை ஒன்று இரண்டாம் வகையில் மட்டுமே வரும்.

வாய்க்கும் மஜ்ஜைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். களை கொல்ல மருந்தடித்தால் பக்கத்துப் புல்லும் கருகிவிடுகிறது அல்லவா? விரைவாகப் பெருகும் அணுக்களைத் தாக்குவதுதான் இந்த மருந்துகளின் வேலை. வாயின் உட்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு ஓயாமல் தேய்ந்து, ஓயாமல் புதிதாக வளர்ந்துகொண்டிருப்பது. எனவே அதுவும் அடிபடுகிறது. மருந்து தொடங்கி ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் கன்னத்தின் உட்புறம், உதட்டின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி ஆகிய இடங்கள் சிவந்து எரியும். பிறகு தோல் உரிந்து புண்ணாகும். இரண்டாவது வாரத்தில் வேதனை உச்சத்துக்குப் போகும். எச்சில் விழுங்கவே முடியாமல் அழுகிறவர்கள் உண்டு. இதனை மருத்துவர்கள் மியூகோசைட்டிஸ் என்பார்கள். வாய்ச்சவ்வு அழற்சி என்று நாம் சொல்லலாம். புது மஜ்ஜை பிடித்து வெள்ளையணுக்கள் ஏறத் தொடங்கியதும் இது தானாக ஆறிவிடும். பொதுவாக இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஆனால் அந்த இரண்டு மூன்று வாரந்தான் ஆபத்தான காலம். அப்போது உடலில் காவல் இல்லை. எல்லாருடைய வாயிலும் எப்போதும் கிருமிகள் இருக்கின்றன. புண்ணான சவ்வு வழியாக அவை இரத்தத்துக்குள் புகுந்தால் காய்ச்சல் அடித்து உடல் முழுவதும் நஞ்சாகிவிடும். ஆகையால்தான், வாயில் இருக்கும் கோளாறுகளை மாற்றுச் சிகிச்சைக்கு முன்பே சரி செய்துவிடச் சொல்கிறார்கள். சொத்தைப் பல், ஆடும் பல், சீழ் பிடித்த ஈறு ஆகியவற்றை அலட்சியமாக விடக்கூடாது. பல் பிடுங்க வேண்டியிருந்தால், மருந்து தொடங்குவதற்குப் பத்துப் பதினைந்து நாட்களுக்கு முன்பே பிடுங்கிக் குழி ஆற இடம் கொடுக்க வேண்டும். ‘பல்லு வலிக்கலியே, எதுக்குப் பல் டாக்டர்?’ என்று நம்மவர்கள் கேட்பது வழக்கம். வலிக்காத சொத்தைதான் இங்கே அதிகம் பயப்பட வேண்டியது. வெள்ளையணு இல்லாத நாளில் அது முழித்துக்கொள்ளும்.

மருத்துவமனையில் இருக்கும்போது தாதியர் ஐஸ் கட்டி கொடுத்து வாயில் வைத்திருக்கச் சொன்னால், வேடிக்கையென்று எண்ண வேண்டாம். மெல்ஃபலான் என்னும் மருந்து ஏற்றும்போது, முன்னும் பின்னும் சேர்த்து ஐஸை வாயில் ஊறவைத்துக்கொண்டே இருந்தால் வாயின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மருந்து அந்தப் பக்கம் குறைவாகப் போகிறது, புண்ணும் குறைகிறது. செலவே இல்லாத இந்த உபாயம் நன்றாகப் பலன் தருவது ஆராய்ச்சிகளில் நிரூபணமானது. சில மருத்துவமனைகளில் வாய்க்குள் மென்மையான லேசர் ஒளி காட்டுவதும் உண்டு. வலி கடுமையானால் மார்பின் கொடுப்பார்கள். மார்பின் என்றதும் ‘பழகிப் போகுமே’ என்று குடும்பத்தார் கைகளைப் பிசைகிறார்கள். புண் ஆறியதும் மருத்துவர்களே அளவைக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். வலியைத் தாங்கிக்கொண்டு பட்டினி கிடப்பதால் ஒரு நன்மையும் இல்லை.

வாய் கொப்பளிப்பதற்கு விலை உயர்ந்த திரவம் எதுவும் தேவையில்லை. கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டருக்குத் தேக்கரண்டி உப்பு ஒன்று, சமையல் சோடா ஒன்று. அவ்வளவுதான். இதனைக் கொண்டு நாளுக்கு ஐந்தாறு முறை, புண் அதிகமாக இருக்கும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை, மெதுவாகக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். கடையில் விற்கும் சாராயச் சத்துள்ள கொப்பளிப்பு மருந்துகள் எரிச்சலைக் கூட்டும், வாயை உலர்த்தும், அவை வேண்டாம். பல் துலக்கும் தூரிகை மிக மெல்லியதாக இருக்கட்டும். வேப்பங்குச்சியும், உமிக்கரியும், விரலில் உப்பு வைத்துத் தேய்ப்பதும் நம் பாட்டன் பாட்டி பழக்கம். குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் தட்டணுக்கள் குறைந்திருக்கும் ஈற்றில் குச்சி கீறினால் இரத்தம் நிற்பது கடினம். இந்தக் காலத்தில் அவற்றை ஒதுக்கி வைக்க வேண்டும்.

இனி, தோட்டத்து வீட்டுக்குத் திரும்பியபின் வரும் தொல்லைகளைப் பார்ப்போம்.

நாக்கிலும் அண்ணத்திலும் தயிர்த் திட்டுப் போல வெள்ளை படிந்து, துணியால் துடைத்தால் உரிந்து வந்து, அடியில் சிவப்பாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் காண்டிடா என்னும் பூஞ்சக்காளான். நிஸ்டாட்டின் போன்ற மருந்துகளால் குணமாகும். பொய்ப்பல் வைத்திருப்பவர்கள் இரவில் அதைக் கழற்றித் தேய்த்துக் கழுவி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வாயில் மருந்து போட்டும் பூஞ்சை பொய்ப்பல்லிலிருந்து திரும்பிவிடும். உதட்டோரத்திலோ அண்ணத்திலோ கொத்துக் கொத்தாகச் சிறு கொப்புளம் தோன்றி உடைந்து கடுமையாக வலித்தால் அது ஹெர்பிஸ் வைரசாக இருக்கலாம். அசைக்ளோவிர் மாத்திரையை ‘இதுதான் இப்போது நன்றாக இருக்கிறதே’ என்று நிறுத்திவிடுகிறவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

வாய் உலர்ந்து போவது சத்தமில்லாத தொல்லை. உமிழ்நீர் குறைந்தால் சோறு தொண்டையில் ஒட்டும், பேச நாக்குப் புரளாது. அதோடு போவதில்லை. உமிழ்நீர்தான் பல்லுக்குக் காவல். அது வற்றியதும், ஈற்றை ஒட்டிய பகுதியில் பற்கள் மளமளவென்று சொத்தையாகின்றன. இங்கே நம் தோட்டத்துப் பழக்கம் ஒன்று கெடுதல் செய்கிறது. வாய் உலர்கிறதே என்று, குறைந்தது ஒரு மடக்காவது என்று, கட்டிப்பால் கலந்த தேநீரை நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டிருப்போம். அல்லது இனிப்பு மிட்டாயை ஊறப்போடுவோம். சர்க்கரை பல்லில் தங்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. தண்ணீரையே சிறு மடக்காகக் குடிக்கலாம். சர்க்கரை சேராத சூயிங்கம் மெல்லலாம். ஃபுளோரைடு பூச்சைப் பல் மருத்துவர் போடுவார். மிகுந்த ஃபுளோரைடு சத்துள்ள பற்பசையையும் எழுதித் தருவார்.

பிறர் தந்த குருத்தணுவைப் பெற்றவர்களுக்கு மட்டும் வரும் நீண்ட நாள் தொல்லை என்று சொன்னோமே, அதற்கு வருவோம். ஒட்டுக் கட்டிய ரப்பர்க் கன்றில் ஒட்டிய கண் அடிமரத்தோடு சண்டை போடுவதில்லை. மனித உடலில் அப்படி அல்ல. குடியேறிய அணுக்களோடு கொடையாளியின் காவல் அணுக்களும் வருகின்றன. அவை புது வீட்டைப் பார்த்து ‘இது அந்நியம்’ என்று எண்ணித் தாக்கத் தொடங்கிவிடும். விருந்தாளி வீட்டுக்காரரை அடிப்பது போன்ற கதை. மருத்துவர்கள் ஜி.வி.எச்.டி. என்று சுருக்கமாக எழுதுவது இதைத்தான். தோல், கண், ஈரல், குடல், நுரையீரல் எல்லாம் தாக்கப்படலாம். நாட்பட்ட வகையில் வாய் மிக அதிகமாகத் தாக்கப்படும் உறுப்புகளில் ஒன்று. வழக்கமாகச் சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து, நோயாளி தேறிவிட்டார் என்று எல்லாரும் நிம்மதிப்படும் சமயத்தில், இது தலை காட்டுகிறது.

முதல் அறிகுறி பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில் தெரியும். நேற்று வரை சாப்பிட்ட ரசம் இன்று நெருப்பாக எரியும். மிளகாய்ச் சம்பலைத் தொட முடியாது. புதினா வாசமுள்ள பற்பசை கூட எரியும். வீட்டில் உள்ளவர்கள் இதனைச் செல்லம் என்று எண்ணிக் கடிந்துகொள்ளக் கூடாது. வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கன்னத்தின் உட்புறத்தில் சிலந்தி வலை போல, கோலம் போட்டது போல, வெள்ளைக் கோடுகள் தெரியலாம். அந்தக் கோடுகளைத் துடைத்தால் போகாது. காண்டிடாவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். பக்கத்தில் சிவப்பும், மஞ்சள் படிந்த புண்ணும் இருக்கலாம். மேலண்ணத்தில் சாப்பிடும்போது சிறு நீர்க்குமிழிகள் தோன்றி மறையும். நாள் செல்லச் செல்ல வாய் இறுகித் திறப்பு குறைவதும் உண்டு. நடுத்தரமான ஆளுக்குத் தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயில் நுழைக்க முடிய வேண்டும். இரண்டுதான் போகிறது என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதற்குச் சிகிச்சை உண்டு. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டுத் திரவத்தால் வாயைக் கொப்பளிக்கச் சொல்வார்கள். தேநீர் குடிப்பது போல ஒரு நொடியில் துப்பிவிட்டால் பயன் இல்லை. கடிகாரத்தைப் பார்த்து ஏறக்குறைய ஐந்து நிமிடம் வாயில் வைத்திருக்க வேண்டும்; விழுங்கக் கூடாது; துப்பியபின் அரை மணி நேரம் எதுவும் குடிக்கவோ சாப்பிடவோ கூடாது. மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களைக் கேட்டால், பலர் அரை நிமிடத்துக்கு மேல் வைத்திருப்பதே இல்லை. உதட்டுக்கு டாக்ரோலிமஸ் களிம்பு தருவதுண்டு. ஸ்டீராய்டு கொப்பளிப்பதால் பூஞ்சை வரலாம். வெள்ளைத் திட்டு தோன்றினால் அதையும் சொல்ல வேண்டும். சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்களுக்கு ஈறு தடித்து வளர்வதும் உண்டு. இந்த மருந்துகளைச் சாப்பிடும் காலத்தில் பம்பளிமாஸ் பழம் ஆகாது. இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

வெள்ளைத் திட்டு என்று சொன்னதும் இன்னொன்றை நாம் பேசாமல் விட முடியாது. அது வெற்றிலை பாக்கு.

நம் சமூகத்தில் வெற்றிலை வெறும் பழக்கம் அல்ல. திருமணத்தில், பெண் பார்க்கையில், துக்க வீட்டில், பூசையில் தாம்பூலம் இல்லாமல் நடப்பதில்லை. லயத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி அன்போடு மடித்து நீட்டுவாள். வேண்டாம் என்றால் மனம் கோணும். இதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் வாயில் செய்வது வேறு. புகையிலை கலந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985-லேயே அறிவித்தது. 2004-ல் புகையிலை இல்லாத வெற்றிலையும், பாக்குத் தனியாகவும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவை என்று உறுதி செய்தது. ஆக, ‘நான் போயிலை போடுறதில்லை, வெறும் பாக்குத்தான்’ என்ற வாதம் நிற்காது. மலேசியாவில் 1993-94-ல் நாடு முழுவதும் 25 வயதுக்கு மேற்பட்ட 11,697 பேரின் வாயைப் பரிசோதித்தார்கள்; நூற்றுக்கு ஏறக்குறைய பத்துப் பேர் வாயில் ஏதாவதொரு சவ்வு மாற்றம் இருந்தது. வெற்றிலை மெல்வதால் வரும் திட்டுகள் இந்திய வம்சாவளியினரிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, அதிகம் காணப்பட்டன.

மாற்றுச் சிகிச்சை பெற்றவருக்கு இது இரட்டைத் தீங்கு. பிறர் அணு பெற்றவர்களுக்கு ஆண்டுகள் செல்லச் செல்ல வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது, ஜி.வி.எச்.டி. வாயில் நீடித்தவர்களுக்கு இன்னும் கூடுதல். அதன்மேல் பாக்கும், புகையும், சம்சுச் சாராயமும் சேர்ந்தால் என்ன ஆகும்? இன்னொரு சிக்கலும் உண்டு. பாக்கினால் வரும் வெள்ளைத் திட்டும் ஜி.வி.எச்.டி. வெள்ளைக் கோடும் பார்வைக்கு நெருங்கி இருக்கும். பாக்கினால் வாய் இறுகுவதும், ஜி.வி.எச்.டி.யால் இறுகுவதும் அப்படியே. ஆகவே மருத்துவரிடம் வெற்றிலை போட்டதை மறைக்கக் கூடாது. எத்தனை ஆண்டு, நாளுக்கு எத்தனை முறை, எந்தக் கன்னத்தில் அடக்குவது என்று எல்லாம் சொன்னால்தான் எந்த இடத்தில் சதை எடுத்துப் பரிசோதிப்பது என்று அவர் தீர்மானிக்க முடியும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத புண், தடித்த திட்டு, சிவந்த வெல்வெட் போன்ற இடம் எதுவாயினும் காத்திருக்கக் கூடாது.

சாப்பாட்டில் சில சொற்கள். புண் இருக்கும்போது நொய்க்கஞ்சி, நன்கு குழைந்த சோறு, மசித்த உருளைக்கிழங்கு, வேக வைத்த முட்டை இவை ஏற்றவை. காப்பிக் கடையில் தரும் அரைவேக்காட்டு முட்டை எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஆகாது. மணத்தக்காளிக் கீரை வாய்ப்புண்ணுக்கு நல்லது என்று நம் வீடுகளில் சமைப்பார்கள். நன்றாக வேக வைத்துச் சாப்பிடுவதில் பெரும்பாலும் தடையில்லை. பச்சை இலையைப் பறித்து மெல்வதும், காட்டுத் தேனைப் புண்ணில் தடவுவதும் கூடாது. அவற்றில் ஒட்டியிருக்கும் கிருமிகளை எதிர்க்கும் சக்தி இப்போது உடலில் இல்லை. நாட்டு மருந்துப் பொடி எதையும் சேர்க்குமுன் மருத்துவமனையைக் கேட்க வேண்டும்.

எப்போது உடனே புறப்பட வேண்டும்? 38 பாகை அல்லது அதற்கு மேல் காய்ச்சல் அடித்தால், அழுத்திப் பிடித்தும் வாயில் இரத்தம் நிற்காவிட்டால், ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டால், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனை, கோலா பிலா, போர்ட்டிக்சன், ஜெம்போல் மருத்துவமனை என எது அருகில் இருக்கிறதோ அங்கே போய், ‘குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்’ என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சிகிச்சை செய்த மருத்துவமனை தந்த கடிதமும் மருந்துப் பட்டியலும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

பல் மருந்தகத்துக்கும் அந்தக் கடிதம் போக வேண்டும். முதல் ஆண்டில் அவசரமில்லாத பல் வேலைகளைப் பொதுவாகத் தள்ளி வைப்பார்கள். அவசரமானால் இரத்த எண்ணிக்கையைப் பார்த்து, மாற்றுச் சிகிச்சை மருத்துவரைக் கேட்டுச் செய்வார்கள். மையலோமா நோயாளிகளுக்கு எலும்பை வலுப்படுத்தும் ஊசி போடுவதுண்டு. அந்த ஊசி பெற்றவர்களுக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் கெட்டுப் போகலாம். அதனால் ஊசியைப் பற்றிச் சொல்லாமல் நாற்காலியில் உட்காரக் கூடாது. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்துப் பல் கட்டித் தருகிறவர்களிடம் இவர்கள் போகவே கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை வாழ்நாள் முழுவதும் வேண்டும். சுகாதார அமைச்சு 1997 முதல் வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. தோட்டங்கள் போன்ற ஆபத்து மிகுந்த சமூகங்கள்தாம் அதன் இலக்கு. பல் மருத்துவக் குழு தோட்டத்துக்கு வரும் நாளில் நோயாளி மட்டுமல்ல, வெற்றிலைப் பெட்டியோடு திண்ணையில் இருக்கும் பாட்டியும் போய் வாயைத் திறந்து காட்டலாம். அந்தப் பரிசோதனையில் வலி இல்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.